மறைத்து ஒட்டிய வரி

கீழத்தெரு
10.10.1972

அன்பு மகள் ராசம்மாளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். கூலித் தகராறில் நாலு நாள் நின்றிருந்த குறுவை அறுப்பு ஒருவழியாக முடிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். நம் தகரப்பெட்டியில் நான் சேர்த்து வைத்திருக்கும் பழைய நாடக நோட்டீசுகள் உனக்குத் தெரியும். பள்ளிக்கூட வெள்ளிவிழாக் கண்காட்சிக்கு வேண்டும் என்று விழாத் தலைவர் சாம்பசிவம் கேட்டனுப்பினார். நாம் குடியிருக்கும் மனை அவருடைய மிராசுதார் குடும்பத்துடையதுதானே, புதுச் சட்டப்படி பட்டாவுக்கு மனுப் போட்டிருக்கிறோம், அடுத்த மாதம் விசாரணை. நாம் வெகுகாலமாக இங்கே இருக்கிறோம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என நினைத்து அம்மா கொடுக்கச் சொன்னாள், பெட்டியோடு கொடுத்தேன்.

கண்காட்சிக்குப் போய்ப் பார்த்தால் நடுவில் கண்ணாடி போட்டு, அவர் அப்பா 1933-இல் நடத்திய நாடகத்தின் நோட்டீசு. மேலே அவருடைய அப்பா பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, கடைசி வரிமேல் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கிறது. அந்த வரி என்ன தெரியுமா, பஞ்சமர்களுக்கு இடமில்லை. அந்த நோட்டீசை மாட்டுவண்டியில் ஏழு ஊருக்குத் தப்படித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பதினாறு வயது, எழுத்துத் தெரியாது. நாம் கொட்டகைக்கு வெளியே நிற்பது வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். பத்து வருடம் கழித்து விவசாயச் சங்கத்தில் எழுத்துக் கற்றபின் படித்துப் பார்த்தால், ஊரைக் கூப்பிட நான் கொடுத்த காகிதத்திலேயே என்னை வராதே என்று அச்சடித்திருக்கிறார்கள். அன்றிலிருந்துதான் சேர்க்க ஆரம்பித்தேன், அழகுக்காக அல்ல.

சாம்பசிவத்திடம் காகிதத்தை எடுக்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "மருதையா, இப்பதான் எல்லாரும் சமமாயிட்டமே, பழசக் கெளறி என்ன ஆவப்போவுது" என்றார். விசாரணைக்கு அவர்தான் வந்து சொல்ல வேண்டும் என்பதையும் ஞாபகப்படுத்தினார். அவருக்கு என் வயதில் பாதி இல்லை, இன்னும் நீ என்றுதான் பேசுகிறார், இதில் சமமாம். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, ஒட்டிய காகிதத்தைத் தண்ணீர் தொட்டு உரித்தேன். பசை காயாததால் எழுத்துக்குச் சேதமில்லை. வந்திருந்தவர்கள் காதில் விழும்படி ஒருமுறை படித்துவிட்டு அதே ஆணியில் மாட்டினேன். கோவிந்தராசு வாத்தியார் மட்டும் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து படிக்க வைத்தார்.

மறுநாள் காலையில் பெட்டி திரும்பி வந்தது, விசாரணைக்கு வரப்போவதில்லை என்ற சொல்லும் கூடவே வந்தது. அம்மா திட்டுவாள் என்று இருந்தேன். அவள் அந்த வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு சொன்னாள், "இந்த மனையிலதான் அஞ்சு புள்ள பெத்தேன். அதுக்கு அவரு எதுக்கு சாட்சி? நான் வந்து சொல்றேன்."

உன் பள்ளிச் சான்றிதழில் நம் தெருவின் பெயர் இருக்கிறது, அதையும் விசாரணையில் காட்டலாம். நகல் எடுத்து, மறக்காமல் இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பு. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உன் அப்பா
மருதையன்