ஆண்கள் இல்லாத கதைகள்

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஷைனிக்கு,

ஜோதிலட்சுமி எழுதிக்கொள்வது. ஓசூரில் நீயும் பரத்தும் பாப்பாவும் சுகம்தானே? இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போன் பாஸ்வேர்டு வீட்டுக்காரருக்குத் தெரியும்; தினமும் பார்க்கிறார். கம்பெனி கேன்டீனில் டீ நேரத்தில் எழுதுகிறேன். சாயங்காலம் புதுவாயலில் பஸ் மாறும்போது தபாலில் போட்டுவிடுவேன்.

நம் ஹாஸ்டல் அறையில் ஒரே கட்டிலில் உட்கார்ந்து, இவர் தன் பத்திரிகையிலிருந்து எனக்கு எழுதிய முதல் கடிதத்தைப் படித்தோமே, நினைவிருக்கிறதா? 'உங்கள் கதையை மூன்று முறை படித்தேன். துளசிராமன், ஆசிரியர்.' மாப்பிள்ளை என்றால் இவர்தான்டி என்று குதித்தவள் நீ. உன் மேல் பழி போடவில்லை. நானும்தான் குதித்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு என் கதைகளுக்கு அவர்தான் முதல் வாசகர். அவர் படித்து, டைப் செய்து அனுப்பினால்தான் எந்தப் பத்திரிகைக்கும் போகும். பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு கதையில், களைத்து நிற்கும் பெண்ணுக்குக் கண்டக்டர் தன் சீட்டைக் கொடுப்பதாக எழுதினேன். "யாரு இவன்?" என்று கேட்டார். கற்பனைதான் என்றேன். "எனக்குத் தெரியாம உன் மண்டைக்குள்ள எப்பிடி வந்தான்?" என்றார். ஒரு வாரம், நான் போகும் பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாரடி! கண்டக்டரை எடுத்துவிட்டு, ஒரு கீரைக்காரியை எழுந்து இடம் கொடுக்க வைத்தேன்.

அடுத்த கதையில் ஒரு எலக்ட்ரீஷியன். அதற்கடுத்ததில் செத்துப்போன ஒரு வாத்தியார். செத்தவருக்கும் அதே கேள்விதான். இரண்டு நாள் சாப்பிடமாட்டார், பேசமாட்டார். மாமியாரிடம் சொல்லி அழுதேன். "எழுதறதுக்குப் புருசனே சப்போர்ட்டு பண்றான், உனக்கு இன்னா கொறச்சல்?" என்றார். ஒவ்வொருவராக எடுத்துவிட்டேன். இப்போது என் கதைகளில் ஓர் ஆண்கூடக் கிடையாது.

போன மாதம் புத்தகம் வந்தது. திருவள்ளூரில் விழா. ஆண்களே இல்லாத உலகத்தைப் படைத்த துணிச்சல் என்று ஒரு பேராசிரியை பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நன்றியுரை இவர்தான். அவளுடைய எழுத்தில் நான் ஒரு கால்புள்ளியைக்கூடத் தொட்டதில்லை என்றார். சால்வையைப் போர்த்திக்கொண்டு சிரித்தேன்.

இத்துடன் ஒரு கதை வைத்திருக்கிறேன். கம்பெனியில் கழித்துப்போட்ட தரச் சோதனைச் சீட்டுகளின் பின்பக்கம் எழுதியது. வரிசை எண் போட்டிருக்கிறேன். அவர் இதைப் பார்க்கவில்லை. இதில் ஓர் ஆண் இருக்கிறான். கதை முழுக்க அவன் கேட்பது ஒரே கேள்விதான். இதை உன் பெயரில் ஏதாவது பத்திரிகைக்கு அனுப்பு. என் பெயர் எங்கும் வேண்டாம். அச்சில் வந்தால் போன் செய்யாதே. பாப்பா படத்தை ஸ்டேட்டஸில் வை, புரிந்துகொள்வேன்.

பரத் நல்லவர், எனக்குத் தெரியும். ஆனாலும் அனுப்புவதற்கு முன் அவரை ஒருமுறை படிக்கச் சொல். யார் இவன் என்று உன்னிடம் அவரும் கேட்டுவிட்டால், சீட்டுகளை அடுப்பில் போட்டுவிடு. கதை போனால் போகட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லிவிடாதேடி. முதல் தடவை நான் சொன்னேன், கற்பனைதான் என்று.

உன்,
ஜோதி