நீ செல்லும் என்று சொன்ன மந்திரம்

இன்று காலை மயிலாடுதுறை கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில், கல்லூரிப் பெண்கள் இருவர் போனில் ஏதோ விளையாட்டைப் பார்த்தபடி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வரவழைக்கும் மந்திரத்தை எதிரியின் நுரையீரலுக்குள் ஏவலாமா கூடாதா என்று. என் வழக்கைக் கூப்பிடும் நேரம். கால் நகரவில்லை. நீ போய் நாலு வருஷம் ஆகிறது. உன்னைத் தவிர யாரிடம் இதைச் சொல்வது?

தஞ்சாவூர் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் ஞாயிறு மதியம் நாம் நாலு பெண்கள் உட்காருவோம். பெங்களூரிலிருந்து உன் மாமா மகன் கொண்டுவந்த, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக் கதையாக ஆடும் விளையாட்டின் விதிப்புத்தக ஜெராக்ஸ், இருபது முகப் பகடை ஒன்று. கதையை நடத்துபவள் நீ. அரக்கர்களும் கோட்டைகளும் கடைசித் தீர்ப்பும் உன் கையில். நான் மந்திரக்காரி. விதியில் ஓட்டை தேடுவதுதான் எனக்கு விளையாட்டு.

"திறந்த பாத்திரத்துல தண்ணி வரவழைக்கலாம்னு போட்ருக்கு. வாயத் தொறந்தா அரக்கனும் பாத்திரம்தான்டி" என்றேன்.

"அரக்கன் என்ன எங்க வீட்டு அண்டாவா?" என்றாய் நீ.

மூன்று ஞாயிறு வாதாடினோம். ரசம் ஊற்ற வந்த அக்காகூட கட்சி சேர்ந்தார். கடைசியில் நீ ஜெராக்ஸை மூடிவைத்தாய். "சரி, செல்லும். ஆனா இன்னிலேர்ந்து அரக்கனுக்கும் அந்த மந்திரம் தெரியும்." அடுத்த வாரமே என் மந்திரக்காரி தரையில் நின்றபடி மூழ்கிச் செத்தாள். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை நான்.

பிறகு நான் சட்டம் படித்து, நில வழக்குகள் பார்க்கும் ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். நீ உங்கள் ஊர்ப் பள்ளியில் டீச்சரானாய். ஒருநாள் ஒரு ஃபைலில் ஓட்டை கண்டுபிடித்தேன். குத்தகைப் பதிவேட்டில் இருந்தவர் இறந்துவிட்டார். உழுதுகொண்டிருக்கும் மகனின் பெயர் பதிவேட்டில் ஏறவேயில்லை. பழைய ஞாயிறுகளின் சந்தோஷம் அப்படியே உடம்பில் ஏறியது. அரை மணி நேரத்தில் வாதத்தை எழுதி முடித்துவிட்டேன். நிலத்துக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வயல் மனைக்கட்டாகப் போனது.

அந்த மூன்று மா வயல் உன் அப்பா உழுதது.

தேர்தல் நேரம். வேறு வேறு கொடியோடு வந்த கட்சிக்காரர்கள் எல்லோரும் உன் அப்பாவிடம் "பாத்துக்கலாம்ணே" என்று சொல்லிப் போனார்களாம். குறுவை நாற்று பறிக்கத் தயாராக நின்றது. உன் அப்பா அதை அப்படியே விட்டுவிட்டு, திருப்பூர் மில் ஒன்றுக்கு வாட்ச்மேனாகப் போனார். நான் உனக்கு போன் செய்யவில்லை. நீ செய்தபோது எடுக்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து, நீ ஆஸ்பத்திரியில் இருப்பதாக நம் ஹாஸ்டல் தோழி ஒருத்தி சொல்லித்தான் வந்தேன். கீமோவில் முடி கொட்டிய தலையில் துண்டு கட்டியிருந்தாய். என்னைப் பார்த்ததும் அந்த மந்திரத்தைப் பற்றித்தான் ஆரம்பித்தாய். "இப்ப நடத்தினா செல்லாதுன்னுதான்டி சொல்வேன்." ஒரு மணி நேரம் சிரித்தோம். வயலைப் பற்றிக் கேட்க மாட்டாய் என்று நான் நம்பத் தொடங்கியபோது கேட்டாய்.

"ஃபைல்ல எங்கப்பா பேரப் பாத்துட்டுத்தான் எழுதினியா?"

"எழுதறப்ப பாக்கல. சீனியர்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி பாத்தேன். பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

தலையில் இருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாய்.

"பாக்கவே இல்லன்னு சொல்லிருந்தா நம்பிருப்பேன்டி."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தலையணையை உயர்த்தச் சொன்னாய். உயர்த்தினேன். அடுத்த வாரம் நான் வருவதற்குள் போய்விட்டாய்.

இப்போது தனி ஆபீஸ் வைத்திருக்கிறேன். குத்தகைக்காரர்கள் பக்கமும் வாதாடுகிறேன், நிலத்துக்காரர்கள் பக்கமும் வாதாடுகிறேன். நல்லவளாகிவிட்டேன் என்று உன்னிடம் கதை விடமாட்டேன். ஆனால் எந்த ஃபைல் வந்தாலும் ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் அடுத்த பக்கம் திருப்புகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்கிறது. இத்தனை வருஷத்தில் அது அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.