முப்பது டிகிரியில் பொங்கிய மாவு

என் உயிர் மாப்ள சிக்கந்தருக்கு,

வளைகுடாவில் நம் மங்காஃபில் இந்த வருடம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. தொழிலாளர் கேம்பில் எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றாமல்தான் சாப்பிட உட்காருகிறார்கள். மெஸ்ஸில் குழாயைத் திறந்தால் விரல் விறைத்துப்போகிறது. நீ லீவில் ஊருக்குப் போன பத்தாம் நாள் அந்த போன் வந்தது. நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்றார்கள். ஏழு மாதம் ஆயிற்று. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் இன்னமும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

நாம் பழக ஆரம்பித்ததே நான் அவமானப்பட்ட அன்றுதானே? இங்கே சமையலுக்குச் சேர்ந்து எனக்கு முதல் குளிர்காலம். வெள்ளிக்கிழமை முந்நூறு பேருக்கும் இட்லி என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். மாவு அசையவே இல்லை. அவித்து எடுத்தால் ஒவ்வொன்றும் சப்பையாக, கல் மாதிரி. மேனேஜர் ஒரு தட்டைப் பார்த்தார். "கலாஸ் பாய், முடிஞ்சுது. இட்லி பந்த். நாளையிலேர்ந்து எல்லா நாளும் குபூஸ் ரொட்டிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீ கேம்பின் ஏசி மெக்கானிக். வரிசையில் கடைசியாக வந்து, அந்தக் கல்லையும் மென்றுகொண்டே சொன்னாய்: "உன் கைல கோளாறு இல்ல மச்சான். மாவுக்குக் குளிருது. மேனேஜர்ட்ட ஒரு மாசம் டைம் கேளு."

கேட்டேன், கொடுத்தார். ஸ்டோருக்குப் பின்னால் கம்ப்ரசர் செத்துக் கிடந்த பெரிய ஃப்ரிட்ஜை உருட்டிக்கொண்டு வந்தாய். உள்ளே ஒரு பல்பு, ஒரு குட்டி ஃபேன். வெளியே, முப்பது டிகிரி வந்ததும் பல்பை அணைத்து, இறங்கினால் திரும்பப் போடுகிற சின்ன கன்ட்ரோலர். "குளிர உள்ளே பிடிச்சு வைக்கிற பெட்டி, சூட்டையும் பிடிச்சு வைக்கும்ல?" என்றாய்.

முதல் வாரம் கன்ட்ரோலர் முப்பது என்றுதான் காட்டியது. ஆனால் அண்டாவின் ஓரத்தில் பொங்கிய மாவு நடுவில் தூங்கியது. அடுத்த வாரம் பெரிய பல்பாக மாட்டி, சூட்டையும் கூட்டி வைத்தாய். மாவு புளித்து, வாயில் வைக்க முடியவில்லை. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. நீதான் அண்டா முன்னால் குத்தவைத்து யோசித்தாய். "காத்துக்குத்தான் சூடு தெரியுது, மாவுக்குத் தெரியலடா!"

பழைய பல்பையே திரும்ப மாட்டி, முப்பதிலேயே வைத்தாய். காற்றில் தொங்கிய, சூடு பார்க்கிற சென்சாரை எடுத்துப் பாத்திரத்தின் மேலேயே ஒட்டித் துணியால் மூடினாய். அண்டா மாவை நான்கு பாத்திரமாகப் பிரிக்கச் சொன்னாய். ஐஸ் மாதிரி வருகிற குழாய்த் தண்ணீரை விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அரைக்கச் சொன்னாய். மூன்றாவது வெள்ளிக்கிழமை மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. மேனேஜர் எட்டு இட்லி சாப்பிட்டார். குபூஸ் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

போன வியாழக்கிழமை மதியம் அந்த கன்ட்ரோலர் செத்துப்போனது. மாவு அரைத்தாகிவிட்டது, மறுநாள் வெள்ளி. நீ ஒயரைத் தொடும்போதெல்லாம் பத்தடி தள்ளி நிற்பவன் நான். உன்னைத்தான் கூப்பிட முடியாதே. புது கன்ட்ரோலர் வாங்க, பஸ் பிடித்து ஃபஹாஹீல் கடைத்தெருவுக்குப் போனேன்.

"எவ்ளோ வித்தியாசத்துல கட் ஆகணும் பாய்?" என்றார் கடைக்காரர்.

"ஒரு டிகிரி போதும். சென்சார் ஒயர் நீளமா வேணும், பாத்திரத்து மேல ஒட்டணும்."

"நீங்க ஏசி மெக்கானிக்கா?"

"இல்ல பாய், சமையக்காரன்."

சொன்னபோது என் நெஞ்சு எப்படி நிமிர்ந்தது தெரியுமா? பழசைக் கழற்றி, நீ மாட்டியிருந்த மாதிரியே புதுசை மாட்டினேன். கரண்ட் கொடுக்கும் முன் கேம்ப் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்துவிட்டு, "சப் டீக்", எல்லாம் சரி என்றார். வெள்ளிக்கிழமை காலை முந்நூறு பேரும் சாப்பிட்டார்கள். ஒரு இட்லிகூட மிஞ்சவில்லை மாப்ள.

நேற்று உன் மகள் ரஹ்மத் போன் செய்தாள். "வாப்பா அங்க என்ன செஞ்சாங்க மாமா? கேட்டா, ஏசி ரிப்பேரும்மான்னு முடிச்சிருவாங்க" என்றாள். இதையெல்லாம் வீட்டில் ஏனடா சொல்லவில்லை? நான் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். "முந்நூறு பேருக்கா மாமா?" என்றாள். "ஆமாத்தா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைக்கு." சிரித்தாள். நீ போனபின் அவள் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன்.

அடுத்த லீவில் உன் வீட்டுக்கு, கீழக்கரைக்கு வருவேன், இது சத்தியம். அவளை எதிரில் உட்காரவைத்து முழுக்கச் சொல்வேன். நடுவில் தூங்கிய மாவையும், புளித்துக் கொட்டிய மாவையும் விடமாட்டேன். ஜெயித்ததை மட்டும் சொன்னால் அவள் வாப்பாவை அவளுக்குப் பாதிதான் தெரியும்.

என்றும் உன் மச்சான்,
கருப்பையா