வலது பக்கத்து ஸ்பீக்கர்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் தூறல், பிறகு வெயில். பள்ளிக்கூட லீவு. வேனுக்கும் லீவு.

செய்ய வேண்டியது:
ஒயில் மாற்றுவது.
பின் சீட் கிழிசல்.
செட்டுக்கு ஆம்ப்.

கடைசியில் எழுதியதுதான் முதலில். வேனோடு வந்த பாட்டு செட், ஜப்பான்காரன் போட்டது. திரையில் வருவதெல்லாம் ஜப்பான் எழுத்து. எதை அமுக்கினால் என்ன நடக்கும் என்பது பழக்கத்தில் தெரியும், அவ்வளவே. மாத்தளை டவுனுக்குள் பாட்டு கேட்கும். எல்கடுவ ஏற்றத்தில் செகண்ட் கியர் போட்டால் என்ஜின் மட்டும்தான். பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்று ஒரு சொல் விளங்காது. போதாததற்கு வலது கதவு ஸ்பீக்கர் செத்துப் போயிற்று. இடது மட்டும் பாடுகிறது.

மனைவி புஷ்பத்திடம் சொன்னேன். "இருக்கிற சத்தம் பத்தாதாங்க? கல்யாண வீட்டுக்கா போறீங்க?" என்றாள். அவளுக்கு வேன் என்றால் கழுவுகிற சாமான். நான் தினமும் டீச்சர்மார் ஐந்து பேரை மலைக்கு ஏற்றித் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இறக்குகிறவன். ஏறுகிறவர்களுக்கு நல்ல பாட்டாவது கேட்க வேண்டாமா.

மாலை குமார் வந்தான். பு.வின் தம்பி. கொழும்பில் லொறி ஓடியவன், ஆள் குறைத்ததில் இப்போது வீட்டில். "லீவு முடிஞ்சதும் கொஞ்ச நாள் வேனை நான் ஓடவா மச்சான்? நீங்க ஆறுதலா வீட்டுல இருங்க." எனக்கு என்ன கேடு வந்தது ஆறுதலாக இருக்க? பணிஸும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை இல்லை. காற்று.

டவுனில் நிஸ்தார் நானா கடை. வாகன செட் வேலைக்கு இவர்தான். மற்றவர்கள் பழைய செட்டைக் கழற்றிப் புதுசு மாட்டத்தான் பார்ப்பார்கள். இவர் செட்டில் கை வைக்க மாட்டார். பின்னால் ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்து சத்தத்தை எடுத்து, ஒரு சின்னப் பெட்டி வழியாக ஆம்புக்குக் கொடுப்பார். ஆம்ப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் திருப்பி அனுப்பும். கேட்க லேசு. பிரித்துப் போட்ட டேஷ்போர்ட்டின் ஆணிகளை நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

வலது கதவைக் கழற்றினார். ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இரிக்கி அண்ணன்."

"நல்லா இருந்தா ஏன் பாடல?"

"பாடுதே."

எனக்காக இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் பூட்டினார். மறுபடி செட்டைப் போட்டார். டிரைவர் சீட்டில் இருந்து கேட்டேன். வலது செத்துத்தான் கிடந்தது. அப்ப வயர்தான் நானா என்றேன். அவர் வேனை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

ஆகஸ்ட் 13, புதன்

வேன் இல்லை. கை உடைந்த மாதிரி.

பஸ்ஸில் டவுனுக்கு. ஒயில் வாங்க, சும்மா சுற்ற. ஸ்டாண்டில் "தம்புள்ளை, தம்புள்ளை" என்று ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வலது பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். திரும்பினேன். "எவ்வளவு நேரமா கேக்குறேன், பேச மாட்டீங்களா?" முகத்தில் கோபம். கேட்டது இவ்வளவுதான், பஸ் ஆஸ்பத்திரிப் பக்கம் போகுமா என்று. போகும் என்றேன். மனிதர்களுக்கு எதற்கெல்லாம் ரோசம்.

பலாக்கொட்டைக் கறி. நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

வெயில் கொளுத்தல்.

வேலை முடிந்தது. ஆம்ப் பின் சீட்டுக்குக் கீழே. பெட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், வழியில் ஃபியூஸ். எர்த் வயருக்குப் பெயின்டைச் சுரண்டிப் பூட்டியிருந்தார். துப்புரவான வேலை.

என்ஜினைப் போட்டதும் நானா முகத்தைச் சுளித்தார். "உய்ங்கெண்டு ஒரு இரைச்சல் வருது. கேக்குதா?"

ம் என்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எர்த் வயரை இடம் மாற்றினார். "இப்ப இரைச்சல் போயிட்டு." அதற்கும் ம்.

பிறகு சத்தத்துக்கு அளவு வைப்பது. அவர் கடை வழக்கம் இப்படி: ஆள் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், பாட்டு ஓட வேண்டும். அவர் பின்னால் குனிந்து ஆம்பின் திருகை ஸ்க்ரூட்ரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். போதும் என்கிற இடத்தில் ஆள் கை தூக்க வேண்டும். அங்கிருந்து ஒரு மயிரிழை குறைத்து விடுவார்.

உட்கார்ந்தேன். பாட்டு ஏறியது. அருமை. இன்னும் வரட்டும் என்று இருந்தேன். எதிர்த் தேத்தண்ணிக் கடையிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். கல்லாவில் இருந்தவர் இரண்டு கையாலும் ஏதோ காட்டினார். பாராட்டுகிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். பாட்டு சட்டென்று நின்றது. நானாதான் நிறுத்தினார்.

"கை தூக்கச் சொன்னேனே அண்ணன்."

"தூக்குற அளவுக்கு இன்னும் வரலியே."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பின்னால் இருந்து வந்து, சத்தத்தைக் குறைத்து, முன்னிரண்டு ஸ்பீக்கரை மட்டும் ஓட விட்டார். "இப்ப எந்தப் பக்கம் பாடல?" வலது என்றேன். "சீட்டுல முழங்கால் போட்டுப் பின்பக்கமாத் திரும்புங்க." இது என்ன விளையாட்டு என்று நினைத்தபடி திரும்பினேன். "இப்ப?"

இடது கதவு செத்திருந்தது. வலது கதவு பாடியது.

"ஸ்பீக்கர் திரும்பல அண்ணன். நீங்கதான் திரும்பினீங்க."

கடைக்கு வெளியே ஒரு முச்சக்கரவண்டி நின்றிருந்தது. அதன் பின்னால் எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் முழங்காலிலேயே இருந்தேன். நானா தன் காதுக்குச் சரியான அளவில் திருகை வைத்தார். "நான் சத்தத்தைக் கூட்டித் தரலாம். அதுக்கு அங்கால என்னால ஏலாது."

வீட்டுக்கு செட்டைப் போடாமல் வந்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மேகமூட்டம்.

டொக்டர். காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அழுக்காக இருக்கும் என்று நம்பிக்கொண்டு போனேன். அழுக்கு இல்லை. ஓர் இரும்புக் கவையைத் தட்டி இரு காதோரமும் பிடித்தார். இடதில் கொஞ்சம் குறைவு. வலதில் அநேகமாக இல்லை. நரம்பாம். கண்டிக்குப் போய் மெஷினில் பார்க்கச் சொன்னார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுகிற பழக்கமா என்று கேட்டார். ஆமாம். வலது காது ரோட்டுப் பக்கம், எதிரே வரும் பஸ் ஹோனெல்லாம் அதற்குள்தான் போயிருக்கிறது.

"இப்பவும் வாகனம் ஓடுறீங்களா?"

"இடைக்கிடை."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறிய இரண்டு காதும் வேண்டும், ஒன்றால் முடியாது என்றார்.

நம்பவில்லை. வீட்டுக்கு வந்து பு.வை முற்றத்தில் நிறுத்தினேன். நான் கண்ணை மூடுவேன், நீ என்னைச் சுற்றி எங்காவது நின்று கை தட்டு, நான் விரல் நீட்டுகிறேன். அவளுக்குச் சிரிப்பு. "இந்த வயசுல கண்ணாமூச்சியா?" தட்டினாள். நீட்டினேன். சிரித்தாள். மறுபடி தட்டினாள். எல்லாம் இடது பக்கமிருந்தே வந்தது. நீட்டிக்கொண்டே இருந்தேன். சிரிப்பு நின்றது. கண்ணைத் திறந்தேன். நேர் வலதில், தட்டிய கை தட்டியபடி நிற்கிறாள்.

"வாங்க, சாப்பிடலாம்" என்றாள். சாப்பாட்டு நேரம் இல்லை அது.

இனி எழுதப் போவதை எழுதாமலும் விடலாம். எல்கடுவ ரோட்டில் ஒரு வாகனம் போகத்தான் வளைவுகளில் இடம். வளைவுக்கு முன் ஹோன் அடிப்போம். மேலே வாகனம் இருந்தால் பதிலுக்கு அடிப்பான், நாம் நிற்க வேண்டும். பதில் இல்லை என்றால் போகலாம். அந்த ரோட்டில் ஓடுகிற எல்லாருக்கும் இதுதான் சட்டம். போன பள்ளிக்கூடத் தவணை, ஃபாக்டரி வளைவு. அடித்தேன். ஹோன் கேட்டது. பின்னால் வருகிறவன் அவசரப்படுகிறான் என்று எண்ணி வேகத்தைக் கூட்டி உள்ளே போனேன். எதிரே தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி. பக்கக் கண்ணாடி உரசி நின்றோம். இடது டயருக்கு அங்கால் பள்ளம். முன் சீட்டில் சாந்தி டீச்சர் டேஷ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி லொறிக்காரனை சிங்களத்தில் கிழித்தேன். ஹோன் அடிக்கத் தெரியாதா என்று.

அவன் அடித்திருக்கிறான்.

பயமாக இருக்கிறது. ஐந்து பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

ஆகஸ்ட் 16, சனி

காலை முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பின் சீட்டைத் தைத்தேன். ஊசி இரண்டு முறை குத்தியது. பிறகு சாந்தி டீச்சருக்கு எடுத்தேன்.

"டீச்சர், எனக்கு வலது காது கேக்காதாம்."

"எங்களுக்குத் தெரியும் அண்ணே."

தெரியுமாம். கொழுந்து லொறிக்கு முந்தியே. அதனால்தான் எந்த நாளும் அவர் முன் சீட்டில் ஏறுகிறாராம். "வேன் வருது அண்ணே, லொறி வருது அண்ணே" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வருவார். பயந்த சுபாவம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வீட்டில் பு.விடம் நடித்தும் காட்டியிருக்கிறேன்.

கோபம் வந்தது. என் மேலா அவர்கள் மேலா என்று பிரிக்க முடியாத கோபம்.

"தெரிஞ்சிக்கிட்டு ஏன் ஏறுனீங்க?"

"வேற எதுல ஏறச் சொல்றீங்க? பஸ்ஸை நம்பிப் போனா பிந்திரும், வரவுப் பதிவேட்டுல சிவப்புக் கோடு போட்ட பிறகுதான் சைன் வைக்கணும். அந்த ரோட்டுக்கு வேற யாரு வேன் விடுறா?" பிறகு மெதுவாக: "சொன்னா நீங்க நிப்பாட்டிருவீங்கன்னு பயம். உங்க மனசும் நோகும்."

சரி டீச்சர் என்று வைத்துவிட்டேன். ஐந்து பேர் உயிரை வைத்து மரியாதை பார்த்திருக்கிறார்கள். நானும் அந்த மரியாதையில் சொகுசாக ஓடியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மேலே பனி. டவுனில் வெயில்.

குமாரை ஸ்டியரிங்கில் வைத்து எல்கடுவ வரை. நான் இடது சீட்டில். என் வேனில் அந்த இடத்திலிருந்து ரோட்டைப் பார்த்ததே இல்லை. பள்ளம் எவ்வளவு கிட்டே என்பது அங்கிருந்துதான் தெரிகிறது.

குற்றம் கண்டுபிடிக்கவே போனேன். கிளட்ச்சில் கால் வைத்துக்கொண்டே ஓடுகிறான், சொன்னேன், எடுத்தான். வளைவில் ஹோன் அடித்தான். காத்திருந்தான். "மேல ஒண்ணு வருது மச்சான்" என்று ஒதுக்கினான். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கொஞ்சத்தில் ஒரு ட்ரக்டர் இறங்கி வந்தது. சரியாக ஓடுகிறான். சரியாக ஓடாமல் இருந்திருந்தால் எனக்குச் சந்தோசமாக இருந்திருக்கும். அதுதான் உண்மை.

திரும்பும்போது செட்டைப் போடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

பு. இரவுக்கு ரொட்டி சுட்டாள். இப்போதெல்லாம் என் இடது பக்கம் வந்து நின்றுதான் பேசுகிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பள்ளிக்கூடம் தொடக்கம். வானம் வெளிப்பு.

விடிய முன்பே எழும்பிவிட்டேன், பழக்கம். வேனைக் கழுவினேன். டயர் பார்த்தேன். சாவியைக் குமாரிடம் கொடுத்தேன். "கவனம்" என்றேன். வேறு ஏதோ சொல்ல நினைத்திருந்தேன், மறந்துவிட்டது. வேன் சந்தியில் திரும்பியது.

தேத்தண்ணி. பேப்பர். கண்டி கிளினிக்குக்கு எந்த நாள் நம்பர் கொடுக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். கோழிக்கூட்டுக் கதவு.

சாந்தி டீச்சரிடமிருந்து போனில் செய்தி. நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள், சிவப்புக் கோட்டுக்கு முந்தி சைன். அதன் கீழே இன்னொன்று: "ஆம்ப் நல்லா இருக்கு அண்ணே. பாட்டுல ஒவ்வொரு சொல்லும் விளங்குது. தம்பிகிட்ட சொல்லி சத்தத்தைப் பாதியாக் குறைச்சிக்கிட்டோம்."

பு.வுக்கு வாசித்துக் காட்டினேன். பாரு, இத்தனை காலம் ஓடியிருக்கிறேன், என்னிடம் ஒரு நாள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதில்லை இவர்கள் என்றேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சொல்லியிருப்பாங்க" என்றாள்.