நான் பார்க்காத கோல்

மச்சான்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை, பட்டப்பகலில், டண்டினொங்கில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் கார்த் தரிப்பிடத்தில், ஐம்பத்துநாலு வயது மனிதன் ஒருவன் மஞ்சள் கொடியொன்றை உயர்த்திப் பிடித்தபடி தன்னந்தனியே நின்றான். நான்தான். அரிசிப் பையை வைக்கக் காரின் பின்பெட்டியைத் திறந்தேன். உதிரிச் சில்லுக்கு அடியில் அது கிடந்தது. உன் மனைவி சட்டை தைத்து மிஞ்சிய துணியை வெட்டி, விளக்குமாற்றுத் தடியில் கோத்துத் தந்த கொடி; உதைபந்தாட்டத்தில் கோட்டோரம் நிற்கும் லைன்ஸ்மனின் கொடி. மூக்கருகே கொண்டுபோனேன். ஈரப்புல்லும் நோவெண்ணெயும் கலந்த அந்த வாசம் இன்னும் விட்டுப்போகவில்லை. கை தானாக உயர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, நான் காட்டிய பக்கமே காரைத் திருப்பி, தள்ளுவண்டிகள் அடுக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள். என் கொடிக்கு ஒருவர் நன்றி சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

இனிச் சொல்லப்போவது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் நீ இருந்தவரையில் என்னை ஒரு கதையையும் முழுதாகச் சொல்ல விட்டதில்லை. இப்போது குறுக்கே பேச உனக்கு வழியில்லை. கேள்.

மெல்பேர்ணில் எங்கள் ஆட்கள் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு பழைய மாணவர் சங்கம். இரண்டு சங்கம் சேர்ந்தால் ஒரு உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. வீரர்களைப் பிடிப்பது சுலபம். நடுவரைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவனை நிறுத்தினாலும் மற்றப் பள்ளிக்கூடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும். நீ படித்த பள்ளிக்கூடத்துக்கோ இந்த நகரத்தில் இரண்டே இரண்டு பழைய மாணவர்கள். ஒன்று நீ. மற்றது, காணித் தகராறில் உன்னோடு கதைபேச்சில்லாத உன் தம்பி. சங்கம் அமைக்கவே வழியில்லை. அந்த ஒரே தகுதியில் பதினொரு வருடம் நீ நடுவராக இருந்தாய். "அநாதையா இருக்கிறதுக்கு இவ்வளவு மரியாதையோ மச்சான்?" என்று கேட்பாய்.

லைன்ஸ்மனுக்கு வழக்கம் வேறு. விளையாடுகிற இரண்டு பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒவ்வொருவர். "ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கள்ளன் நிண்டால் களவு சமனாப் போகும்" என்பது அதற்கு நீ தந்த விளக்கம். என் பள்ளிக்கூடமான சிவப்புச் சட்டைக்காரரின் கள்ளன் நான்.

ஞாயிறு காலைகளில் உன் வீட்டில்தான் எனக்குத் தேத்தண்ணீர். முதல்நாள் நடந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் திரும்பப் போடுவார்கள். வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் முறை அப்போதுதான் வந்திருந்தது. நடுவர் காதைப் பொத்திக்கொண்டு யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். கோல் அடித்தவன் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் அரைச் சிரிப்போடு நிற்பான். பிறகு திரையில் சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்றாகக் கோடு கீறி, முன்னால் ஓடியவனின் கமக்கட்டு அரை விரல் தாண்டியிருக்கிறது, ஒஃப்சைட், கோல் இல்லை என்பார்கள். நான் கைதட்டுவேன். உனக்கு வந்ததே கோபம்.

"கமக்கட்டால ஆரடா கோல் அடிக்கிறது?"

"பிழை எண்டால் பிழைதானே. மிஷின் பொய் சொல்லாது."

"பொய் சொல்லாது. ஏச்சும் வாங்காது. ஆட்டம் முடிய ஏசுறதுக்கு ஒரு மனிசன் வேணுமடா. இல்லாட்டிச் சனம் வீட்டை போய்ப் பெஞ்சாதியோட சண்டை பிடிக்கும்."

"இப்ப மட்டும் என்ன குறைவோ?" என்று குசினிக்குள்ளிருந்து உன் மனைவியின் குரல் வரும். அதோடு விவாதம் முடிந்து நாங்கள் இருவரும் பவ்வியமாகத் தோசையைப் பார்ப்போம்.

அந்த வருடம் எங்கள் செயற்குழுவுக்கும் அந்த ஆசை பிடித்தது. "உலகமே செய்யுது, நாங்கள் என்ன குறைஞ்ச ஆக்களோ?" என்று எழும்பியவர் பாலா அண்ணை. அவர் நீலச் சட்டைக்காரர், பொருளாளர், மைக் பிடித்தால் விடாதவர். வீடியோவுக்கு அவர்கள் பிடித்த ஆள் யாரென்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு குலுங்குகிறது. எங்கள் எல்லோருடைய கலியாணத்தையும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டையும் வீடியோ எடுத்த விஜி. மூன்று கமெரா, ஒரு கூடாரம், ஒரு லப்டொப், கூடாரத்துக்கு மேலே 'வீடியோ தீர்ப்பு' என்று பெரிய பதாகை. பதாகையின் எழுத்துப்பிழையைத் திருத்த மூன்று கூட்டம் போட்டார்கள். பந்தை எடுக்க வேண்டும் என்று விஜிக்குச் சொல்ல ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

இறுதியாட்டம். சிவப்பும் நீலமும். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடங்களில் ஒரு சிவப்புச் சட்டை அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு, நேரே கீழே விழுந்து, துள்ளி, கோல் காப்பவனின் கைக்குப் போனது. விழுந்தபோது கோட்டைத் தாண்டியதா இல்லையா? அதைப் பார்ப்பதற்கென்றே அந்தக் கோட்டுக்கு நேரே, மூலையில், கொடியோடு நிறுத்தப்பட்டவன் நான். நின்றேன்தான். ஆனால் என் முகம் மைதானத்தின் பக்கம் இல்லை. எனக்குப் பின்னால் ஹனீஃபா நானாவின் தின்பண்டக் கடை. மட்டன் ரோல்ஸ் அப்போதுதான் எண்ணெயிலிருந்து கரையேறிக்கொண்டிருந்தன. முடியும்வரை நின்றால் ஒன்றும் மிஞ்சாது. எனக்கென்று இரண்டு எடுத்துவைக்கச் சொல்லி நானாவுக்கு நான் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

சனத்தின் இரைச்சலில் திரும்பினேன். சிவப்புச் சட்டைகள் துள்ளுகின்றன. எங்கள் ஆட்கள் துள்ளினால் அது கோலாகத்தானே இருக்க வேண்டும்? கொடியைத் தாழ்த்திக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஓடினேன். லைன்ஸ்மன் அப்படி ஓடினால் கோல் என்று அர்த்தம். நான் ஓடினேன், நீ ஊதினாய், கிண்ணம் எங்களுக்கு வந்தது.

நீலச் சட்டைக்காரர் முழுப்பேரும் கூடாரத்துக்கு முன்னால் திரண்டார்கள். விஜி வியர்த்து வழிந்தபடி லப்டொப்பைத் திறந்தான். முதல் கமெராவில் பிரதம விருந்தினர் இறைச்சி அடைத்துப் பொரித்த ஒரு பற்றிஸைக் கையில் எடுத்தார். இரண்டாவதில் அதே பற்றிஸை வாய்க்குக் கொண்டுபோனார். மூன்றாவதில், மிக நெருக்கத்தில், கடித்தார். பிரதம விருந்தினரை விட்டுக் கமெராவைத் திருப்பக் கூடாது என்பது விஜியின் தொழில் தர்மம். பந்து எந்தக் கமெராவிலும் இல்லை.

நீ குனிந்து, கவனமாக, மூன்றையும் பார்த்தாய். "பற்றிஸ் கோட்டை முழுசாத் தாண்டிட்டுது. அதில சந்தேகமில்லை."

எல்லோரும் சிரித்தார்கள், பாலா அண்ணையைத் தவிர. "பகிடியை விடும். உம்மட லைன்ஸ்மன் என்ன சொல்லுறார்? அவரைக் கேட்டனீரோ?"

"அவரைக் கேக்கத் தேவையில்லை அண்ணை. நான் பார்த்தனான். கோல்."

"சிவப்புக்காரற்ற வீட்டில எத்தினை நாள் சாப்பிட்டனீர்? அதுக்கு விசுவாசமோ?"

நீ விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டாய். நான் இரண்டடி தள்ளி நின்றேன். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன் என்றே வைத்துக்கொள். உள்ளே ரோல்ஸ் இருந்தது.

காரில் வரும்போது மெதுவாகத் தொடங்கினேன். "மச்சான், உண்மையில நான் இண்டைக்கு... அந்த நேரம்..."

"விடடா. நான் பார்த்தனான்." சொல்லிவிட்டு வானொலியைக் கூட்டிவிட்டாய்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. நான் புறங்காட்டி நின்றதை நீ கண்டிருக்கிறாய். என் ஓட்டத்தை நம்பி ஊதிவிட்டு, பிறகு என்னை மாட்டிவிடாமல் முழுப்பழியையும் நீயே ஏற்றுக்கொண்டாய். சிவப்புக்காரரின் கள்ளன் பார்க்காமலே ஓடியதால்தான் சிவப்புக்குக் கோல் கிடைத்தது என்று தெரிந்திருந்தால் என்னை அந்தக் கூடாரத்துக் கயிற்றிலேயே காயப் போட்டிருப்பார்கள்.

அடுத்த வருடம் வெளியிலிருந்து ஒரு நடுவரைக் கூப்பிட்டார்கள். உன்னை வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சுற்றுப்போட்டி நாளில் நீ மனைவியைக் கூட்டிக்கொண்டு த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போகத் தொடங்கினாய். ஏன் அன்றைக்கே என்று கேட்டேன். "அண்டைக்குத்தான் வாசல்லயே பார்க்கிங் கிடைக்குது மச்சான். முழுத் தமிழரும் கிரவுண்டில." சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் ஞாயிறு காலைகளில் ஆட்டம் பார்ப்பதையும் நீ குறைத்துவிட்டாய். தொலைக்காட்சியில் யாராவது நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்தினால் எழுந்து வெளியே போய்ப் பூமரத்துக்குத் தண்ணீர் விடுவாய். மழை பெய்த நாளிலும் விட்டாய். நான் கண்டும் காணாதமாதிரி இருந்தேன். வருடாவருடம் மைதானத்துக்குப் போனேன். ரோல்ஸும் சாப்பிட்டேன்.

போன வருடம் உன் நெஞ்சு நின்றுபோனது. செத்தவீட்டில் தேத்தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது பாலா அண்ணை எனக்குப் பின்னால் யாருக்கோ சொன்னார்: "நல்ல மனிசன். என்ன, அந்தக் கோல் ஒண்டுதான்." பதினொரு வருடம் ஊதிய ஒருவனுக்கு அந்த ஒன்றுதான் மிச்சமா? அப்போதாவது திரும்பியிருக்கலாம். சீனி காணாது என்று சொல்லிக் கரண்டியைத் தேடினேன்.

கொடி கிடைத்த மறுநாள், ஞாயிறு, செயற்குழுக் கூட்டம். வீடியோத் தீர்ப்பை இந்த முறை ஒழுங்காகச் செய்வது பற்றி விவாதம். செயலாளர் நிரோஷா, இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, கோலுக்கு நேரே ஒரு கமெரா போதும் என்று படம் கீறி விளங்கப்படுத்தினாள். பாலா அண்ணை மைக்கை வாங்கினார். "அண்டைக்கே இப்பிடி ஒண்டு இருந்திருந்தால் அந்தாள் எங்களை ஏமாத்தியிருக்கேலாது."

முதல்நாள் முழுக்கக் கொடி காருக்குள் கிடந்து மணத்துக்கொண்டிருந்தது. எழுந்தேன். ரோல்ஸ், இரண்டு விரல், ஓட்டம், காரில் நீ சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஏமாற்றவில்லை, என்னைக் காப்பாற்றினான் என்றேன். அந்த இரண்டு விரலையும் உயர்த்தியே காட்டினேன், மச்சான். நாற்பது பேருக்கு முன்னால்.

பிறகு பாலா அண்ணை: "அப்ப, ரெண்டு ரோல்ஸுக்கோடா நாங்கள் கப்பை விட்டனாங்கள்?"

மண்டபம் அதிர்ந்தது. நிரோஷா மட்டும் கண்ணைத் துடைத்தபடி, "தட்ஸ் ட்ரூ ஃப்ரெண்ட்ஷிப், அங்கிள்" என்றாள். அங்கேயே ஏகமனதாக மூன்று முடிவுகள். கோலுக்கு நேரே கமெரா வைப்பது. ஹனீஃபா நானாவின் கடையை மைதானத்தின் மற்ற மூலைக்கு, லைன்ஸ்மன் இல்லாத பக்கத்துக்கு, மாற்றுவது. நேர்மையான ஆட்டத்துக்கான கிண்ணத்துக்கு உன் பெயரை வைப்பது. மூன்றாவதை முன்மொழிந்தவர் பாலா அண்ணை. கூட்டம் முடிய என் கார்வரை வந்தார். "செத்தவீட்டில நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது, தம்பி. தன்ர பேரைக் குடுத்துச் சிநேகிதனைக் காப்பாத்தின மனிசன்." அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இதை ஒழுங்காகப் பார்த்தேன்.

உன் மனைவிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். முழுதையும் இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, "அவர் என்னட்டை ஒருநாளும் இதைச் சொல்லேல்லையே" என்றார். அவன் அப்படிப்பட்டவன்தானே அக்கா என்றேன்.

இவ்வளவு காலமும் நான் சுமந்தது அதைத்தான். மிஷின் என்ன கண்டுபிடித்தாலும், என் பங்கு ஏச்சையும் சேர்த்து வாங்கிக்கொள்ள ஒரு மனிதன் நின்றான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது கனமாகக்கூட இல்லை. பெருமையாக இருந்தது.

நேற்று மாலை ஹனீஃபா நானாவிடமிருந்து வட்ஸ்அப். "தம்பி, ஒங்கட கத கேள்விப்பட்டன். அண்டைக்குக் கட வெளம்பரத்துக்கு எடுத்த வீடியோ ஒண்டு பழைய போன்ல கிடந்திச்சி, பாருங்க." அரை நிமிடம்கூட இல்லை. இன்னும் ஒருவருக்கும் அனுப்பவில்லை. கோல் கம்பம் தெரியாது, ஒரு குடை மறைக்கிறது. நீ தெரிகிறாய், நான் தெரிகிறேன். நீ கம்பத்தையே பார்த்துக்கொண்டு விசிலை ஊதுகிறாய். கோல் என்று கை நடுவட்டத்தைக் காட்டுகிறது. நானோ இன்னும் திரும்பவேயில்லை, நானாவுக்கு இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.