மாப்பிள்ளைக்கு வாங்கிய பின்னல் நரம்பு

3 செப்., புதன்

காலையிலிருந்து தூறல். கடையில் சேலை மடிப்பு, பகல் முழுக்க. சாயங்காலம் தூண்டில் பெட்டியைத் துடைத்தேன். முள்ளெல்லாம் துரு. ஆற்றுக்குப் போய் இரண்டு மாதம்.

காரணம் என் கூட்டாளி முருகேசனின் புது மாப்பிள்ளை. கெங்கவல்லிக்காரன். ஞாயிறானால் பெண்டாட்டியோடு இங்கே இளம்பிள்ளைக்கு வந்துவிடுகிறான். மு. அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பூலாம்பட்டி ஆற்றுக்குப் போகிறான், மீன் பிடிக்க. அந்தப் பின் சீட் இருபது வருடமாக என்னுடையது.

5 செப்., வெள்ளி

வெயில். மு. கடைக்கே வந்தான். என்னைப் பார்க்க அல்ல, தூண்டில் நரம்பு விசாரிக்க.

"ஏப்பா செல்வம், மாப்ள என்னமோ பின்னல் நரம்பு வேணுங்கறாரு. போன்ல பாத்தாராம். நம்ம பாறை எடத்துக்கு ஆவுமா?"

ஆகாது. எனக்குத் தெரியும்.

– தங்கூஸ்: ஒற்றை இழை. இழுத்தால் கொஞ்சம் நீளும், பாறையில் உரசினாலும் தாங்கும். நாங்கள் எப்போதும் போடுவது.
– பின்னல்: தையல் நூல் கனம்தான், பெரிய மீனைத் தாங்கும். செடி மண்டிய ஏரிக்கு, விராலுக்குச் சரி. பாறையில் பட்டால் பொசுக்கென்று போய்விடும்.
– இன்னொன்று தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாதாம். விலை கேட்டதோடு சரி.

மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு மு. வீட்டில் கிடையாது. உப்பில்லை என்று அவன் சொன்னால் மூன்று பேர் ஓடுகிறார்கள். "ஆவாதுன்னா சொல்லு, செல்வம் சொன்னான்னு சொல்லிப் போடறேன்" என்றான் மு.

"தாராளமா வாங்கிக் குடு" என்றேன்.

பெரிய மீன் மாட்டி, அறுந்து, மாமனார் முன்னால் அவன் அசடு வழிய வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். பொறாமைதான். எழுதினால் லேசாகுமென்று பார்த்தேன், ஆகவில்லை.

7 செப்., ஞாயிறு

"நீயும் வாயேன்" என்று காலையில் மு. போன். சளி என்றேன். சளியே இல்லை. பகலெல்லாம் மணி பார்த்தபடி. கோழிக்குழம்பு ருசிக்கவில்லை.

ஆறு மணிக்கு மு. மனைவி போன், அழுகை. "அண்ணா, அவரு கைய அறுத்துக்கிட்டு வந்து நிக்கறாருங்க."

பெரிய கட்லா. மாப்பிள்ளை திணறியிருக்கிறான். மு. பாய்ந்து நரம்பைப் பிடித்து, தங்கூசைச் சுற்றுவதுபோலவே கையில் இரண்டு சுற்று சுற்றி இழுத்திருக்கிறான். மீன் ஒரே இழுப்பு. மெல்லிய பின்னல் கத்தி மாதிரி இறங்கிவிட்டது, இரண்டு விரலில், எலும்புவரை. அப்புறம்தான் நரம்பு பாறையில் பட்டு அறுந்ததாம். அவன் கையில் சுற்றுவான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரம் நினைப்பில் இல்லை.

8 செப்., திங்கள்

வலது கை. ஒன்பது தையல். தறியில் இழை அறுந்தால் அந்த இரண்டு விரலால்தான் முடிச்சுப் போடுவான். பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். பார்க்கப் போகவில்லை. தைரியமில்லை.

10 செப்., புதன்

மேகமூட்டம். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை லீவு போட்டுத் தங்கியிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. வெட்கக்கேடு, ஆனாலும் எரிந்தது.

"நீ வந்திருந்தா கையில சுத்தாதடான்னு தடுத்திருப்ப" என்றான் மு. "சளி எப்பிடி இருக்குது?"

இருமிக் காட்டினேன்.

கிளம்பும்போது மாப்பிள்ளை வாசல்வரை வந்தான். குரலைத் தணித்து, "அந்த நரம்பு பாறைக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும், மாமா?" என்றான். "அவர்கிட்ட நான் எதுவும் சொல்லல. நீங்களே சொல்லிடுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சொன்னேன், சளி உட்பட. மு. கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "மாப்ள, கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடுங்க" என்றான். மாப்பிள்ளைக்கு அவன் வேலை சொல்லி நான் கேட்டதே இல்லை.

தண்ணீர்ச் சொம்பு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.