தங்கள் பாதுகாப்பிலிருந்து என் கணவரைக் காப்பாற்றித் தரக் கோரி

அனுப்புநர்:
உபா ஜிமாலே,
மருந்துக்கடை உரிமையாளர்,
மீன் சந்தைப் பின்தெரு,
வாபெரி, மொகதிஷு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வருகைப் பயணியர் பாதுகாப்புப் பிரிவு,
விமான நிலைய வளாகம்,
மொகதிஷு.

பொருள்: வரும் வியாழக்கிழமை அங்காராவிலிருந்து வந்திறங்கும் என் கணவர், தங்கள் பிரிவின் வெள்ளை வண்டியில் ஏறாமல் சாதாரண பஜாஜ் ஆட்டோவில் வீடு வந்து சேர அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்களைப் போல் கவனமாக வீடு போய்ச் சேருகிறவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது நான்காம் பத்தியில் வரும். அதற்குள் மனுவை மேசை ஓரமாகத் தள்ளிவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. என் கணவர் கூலேத் ஷிரே ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். அங்காராவில் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, மறுபடி கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். எதையும் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, ஓடக் கூடாது, படுத்தால் யாராவது கைகொடுத்துத்தான் எழுப்ப வேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு. கடையை அத்தனை நாள் பூட்டிப்போட முடியாததால் சென்ற மாதமே நான் மட்டும் திரும்பிவிட்டேன். அவர் வியாழக்கிழமை காலை வருகிறார்.

2. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் பத்திரமாக வந்து சேர எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெளியூர் போய்த் திரும்புகிறவர் இருப்பதிலேயே பழைய உடையைப் போட்டுக்கொள்வார். பெட்டியை வெங்காயச் சாக்குக்குள் போட்டுக் கட்டுவார். வரவேற்க ஒருவர் மட்டும் போவார், அவரும் கட்டிப்பிடிக்க மாட்டார், முகத்தைக்கூட சரியாகப் பார்க்க மாட்டார். வெளிவாசலில் நிற்கும் ஆயிரம் பஜாஜில் ஒன்றில் ஏறிச் சந்தைக்கூட்டத்தில் கலந்துவிட்டால் முடிந்தது. அழுகையும் சிரிப்பும் வீட்டுக்குள் கதவைச் சாத்திய பிறகுதான். பிள்ளை பெற்றவளும் பணம் சேர்த்தவனும் இப்படித்தான் இத்தனை காலம் வந்து சேர்ந்தார்கள்.

3. இது போதாது என்று தங்களுக்குத் தோன்றியது. வெளிவாசலில் பஜாஜ் நிற்கக் கூடாது, வந்திறங்கும் பயணியர் அனைவரும் தங்கள் பிரிவின் வண்டியில்தான் நகருக்குள் போக வேண்டும் என்று ஆணை போட்டீர்கள். வண்டியும் வந்தது. தும்பைப்பூ வெள்ளை. உச்சியில் சுழலும் விளக்கு. பக்கவாட்டில் ஆட்டுக்கிடா உயரத்துக்குத் தங்கள் பிரிவின் பெயர். முன்னால் ஒரு துப்பாக்கி வண்டி, பின்னால் ஒன்று, போதாக்குறைக்குச் சைரன் ஊதல். விமானம் இறங்கியதும் அதே வாசலில் புறப்பட்டு அதே சாலையில் போகும். எழுத்துமூல உத்தரவு இல்லாமல் பாதையை மாற்றக் கூடாதாம். சுடப்போகிறவனுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்ற அந்த நல்ல மனதை என்னவென்று சொல்வது!

பட்டப்பெயர் வைக்காமல் நம்மூர்க்காரர்களுக்குத் தூக்கம் வராது என்பது தாங்கள் அறியாததல்ல. அந்த வண்டிக்கு ‘மணப்பெண்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மணப்பெண் வருகிறாள் என்றால் டீக்கடைக்காரி கெட்டிலோடு ஓடுகிறாள், கடைகள் பாதி சாத்திக்கொள்கின்றன, கழுதை வண்டிக்காரன்கூட சந்துக்குள் திருப்பிவிடுகிறான். மொத்தச் சாலையிலும் அந்த ஒரு வண்டி மட்டும் தனியாக நிற்கிறது. தங்களுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இது மனு என்பதால் அதை எழுதவில்லை.

4. சென்ற மாதம் நானும் அந்த வண்டியில்தான் ஏற்றப்பட்டேன். என் வெங்காயச் சாக்கைப் பார்த்துத் தங்கள் காவலர்கள் சிரித்தார்கள். முதல் சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. அப்போது எங்கள் ஜன்னலை ஒட்டி ஒரு பழைய பஜாஜ் வந்து நின்றது. பின்னால் கசங்கிய கைலியும் துவைக்காத சட்டையுமாக ஒருவர், மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம். முகத்தைத் துண்டால் மறைத்திருந்தார். மருதாணி போட்ட தாடியை மறைக்க மறந்துவிட்டார். வாரத்துக்கொரு முறை சுவரொட்டியில் நான் பார்க்கிற தாடி அது. ஐயா, அது தாங்கள்தான்.

தாங்கள் எங்கள் வண்டியைப் பார்த்தீர்கள். பிறகு ஓட்டுநரின் தோளைத் தட்டிச் சொன்னீர்கள். ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருந்ததால் என் காதில் தெளிவாக விழுந்தது: “தம்பி, இந்த வெள்ளை வண்டி பக்கத்துல நிக்காதப்பா. சந்துக்குள்ள விடு, சீக்கிரம்.”

அவன் விட்டான். தாங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். நாங்கள் நின்றோம்.

சற்று நேரத்தில் சுட ஆரம்பித்தார்கள். யார் என்று எழுதப்போவதில்லை, நம்மூரில் அதை எழுதுகிறவர்களுக்கு ஆயுள் கம்மி. முன் வண்டிக் காவலர்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். பின் வண்டிக் காவலர்கள் ஒரு சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்தார்கள். எங்கள் ஓட்டுநர் குதித்து ஓடினான். பயணியர் வழியில் இறங்கிவிடக் கூடாதென்று தங்கள் பிரிவு கதவுகளை வெளியிலிருந்து பூட்டச் சொல்லியிருக்கிறது அல்லவா, அந்தச் சாவியும் அவனோடு ஓடியது. உள்ளே ஆறு பேர். கைக்குழந்தையோடு ஒருத்தி இருந்தாள். எல்லோரும் தரையில் கவிழ்ந்து, ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தோம். யாரோ ஒருவருடைய முழங்கை என் கழுத்தில் அழுந்தியது. கண்ணாடி உடைந்து முதுகில் கொட்டியது. யாரும் சாகவில்லை. அது சுட்டவர்களின் குறி சரியில்லாததால் கிடைத்த பிழைப்பு, அதில் தங்கள் பிரிவுக்குப் பங்கு கிடையாது. ஆனால் அன்று மாலை வானொலியில், பயணியர் அனைவரையும் வீடு சேர்த்துவிட்டதாகத் தங்கள் குரல்தான் சொன்னது.

5. இதை எல்லாம் சொல்ல மூன்று முறை தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முதல் முறை தாங்கள் கூட்டத்தில் இருந்தீர்கள், இரண்டாம் முறை தொழுகையில், மூன்றாம் முறை கூட்டத்தைப் பற்றிய கூட்டத்தில். தங்கள் எழுத்தர் மிகவும் மரியாதையான பிள்ளை. பாதுகாப்பு வேண்டாம் என்று கேட்டு வந்த முதல் ஆள் அத்தை நீங்கள்தான் என்று வியந்தார். தம்பி, நீ எதில் வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டேன். கோப்புகளை அடுக்க ஆரம்பித்தார். தங்கள் பிரிவில் பணியாற்றும் ஒருவராவது, ஒரு நாளாவது, அந்த வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனதுண்டா என்று இந்த மனு வழியாகவும் கேட்கிறேன்.

6. நேற்று என் கணவரிடம் தொலைபேசியில் வண்டி விவரத்தைச் சொன்னேன். மறைக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. அவர் எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர், சண்டை நடந்த காலத்திலும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் விடுப்பு எடுக்காதவர். “உபா, எனக்குத் தும்மவே பயமா இருக்கு. கவுந்து படுன்னா நான் எப்படிப் படுப்பேன்?” என்று கேட்டார். அவர் நெஞ்சில் ஒரே ஒரு ஆள் விழுந்தாலும் போதும், குண்டு தேவையில்லை. முப்பத்தொரு வருடம் என்னோடு வாழ்ந்தவர் ஐயா. அவர் எனக்கு உயிரோடு வேண்டும்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இதுதான். வியாழக்கிழமை காலை வெளிவாசலில் ஒரே ஒரு பஜாஜ் நிற்க அனுமதி கொடுங்கள். பழையதாகவே கொண்டுவருகிறேன். காவலும் ஊதலும் எங்களுக்கு வேண்டாம், யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும். தாங்கள் தினமும் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும் அதே பாதுகாப்பை என் கணவருக்கும் ஒரு முறை தாருங்கள்.

விதி இடம் கொடுக்காது என்பீர்களானால், அதற்கும் சம்மதிக்கிறேன். அவர் மணப்பெண்ணிலேயே வரட்டும். ஆனால் அவருக்குப் பக்கத்து இருக்கையில் தாங்கள் உட்கார்ந்து வர வேண்டும். சுட ஆரம்பித்தால் அவரை மெதுவாகத் தரையில் படுக்க வைக்கவும், பிறகு கைகொடுத்து எழுப்பவும் ஒருவர் வேண்டும். அந்த இருக்கையில் உட்காரத் தங்களுக்கு மனம் வரவில்லை என்றால், அதில் மற்றவர்களை உட்கார வைக்கும் ஆணையில் எந்தக் கையால் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதையாவது வியாழக்கிழமைக்கு முன் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இடம்: மொகதிஷு
நாள்: மார்ச் 11, திங்கட்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
உபா ஜிமாலே
(கையொப்பம்)

நகல்: தங்கள் துணைவியார் அவர்களுக்கு. புதன்கிழமை இரத்த அழுத்த மாத்திரை வாங்க என் கடைக்கு வரும்போது நேரில் கொடுக்கப்படும். அவரும் தினமும் ஒரு மனிதர் வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்தான். தங்களுக்குப் புரியாவிட்டாலும் அவருக்குப் புரியும்.